பிள்ளைக்கென ஓர் அறையை ஒழுங்குசெய்த மரியா மொன்ரிசோரி அம்மையார்



எங்கள் நாட்டில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளையை முதன்முதலாக அனுப்பிவைக்கும் பள்ளிக்கூடத்தை மொன்ரிசோரி என்றே பலரும் சொல்லிப் பழகிவிட்டோம். பாலர் பாடசாலை, முன்பள்ளி என்று தமிழிலே நல்ல பெயர்கள் இருந்தும், பிள்ளை மொன்ரிசோரிக்குப் போகிறான் என்பதே வீட்டுப் பேச்சாக இருக்கிறது. இந்தச் சொல் ஒரு பெண்மணியின் பெயர் என்பதையும், அப்பெண்மணி ஒரு வைத்தியர் என்பதையும், கத்தோலிக்கத் திருச்சபையின் மகள் என்பதையும், அவர் எங்கள் தீவுக்கே வந்து ஆசிரியர்களைப் பயிற்றியவர் என்பதையும் எத்தனை பேர் அறிவோம்?

பெயரை நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். அப்பெயருக்குரியவர் கண்டறிந்த உண்மையையும் வைத்திருக்கிறோமா என்பதை அவருடைய வாழ்க்கையைப் படித்தபின் நீங்களே தீர்மானியுங்கள்.

இளமையும் கல்வியும்

மரியா மொன்ரிசோரி 1870 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31 ஆம் திகதி இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அலெஸ்ஸாந்துரோ அரசாங்க உத்தியோகத்தர். தாயார் ரெனில்தே வாசிப்பில் மிகுந்த ஈடுபாடு உள்ளவர். புவிச்சரிதவியல் அறிஞராகப் புகழ்பெற்ற அந்தோனியோ ஸ்தொப்பானி என்னும் குருவானவரின் உறவில் வந்தவர். மகளுக்கு ஐந்து வயதாகும்போது குடும்பம் உரோமாபுரியில் குடியேறியது.

அக்காலத்தில் இத்தாலியப் பெண்பிள்ளைகளில் மேற்படிப்புக்குப் போனவர்கள் மிகச் சிலர். போனவர்களும் ஆசிரியையாக வருவதற்கே போனார்கள். மரியாவோ பொறியியலாளராக வரவேண்டும் என்று எண்ணி, ஆண்பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பாடசாலையில் 13 ஆவது வயதில் சேர்ந்தார். பின்னர் அந்த எண்ணம் மாறி, வைத்தியம் படிக்க விரும்பினார். தந்தையார் இதனை விரும்பவில்லை. தாயார் மகளின் பக்கம் நின்றார்.

உரோமைப் பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவர்களுக்கு நடுவே அவர் தனித்துப் படிக்கவேண்டியிருந்தது. பிரேதங்களை அறுத்துப் பரிசோதிக்கும் பாடத்தை ஆண்களுடன் சேர்ந்து செய்ய அனுமதி கிடைக்காதபடியால், எல்லோரும் போனபின் பிரேத அறையில் தனியாக நின்று அதைச் செய்து முடித்தார். 1896 யூலை மாதத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டத்தைப் பெற்ற முதற் பெண்கள் சிலருள் அவரும் ஒருவர்.

வெறும் அறையில் இருந்த பிள்ளைகள்

பட்டம் பெற்றபின் உரோமைப் பல்கலைக்கழகத்தின் மனநோய் வைத்தியப் பிரிவில் பணி கிடைத்தது. அப்பணியின் பொருட்டு அவர் மனநோயாளர் விடுதிகளுக்குப் போய்வர வேண்டியிருந்தது. புத்திக்குறைவு உள்ளவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சிறு பிள்ளைகளும் அங்கே பெரியவர்களுடன் சேர்த்து அடைக்கப்பட்டிருந்தார்கள். ஒரு விடுதியில் பிள்ளைகள் இருந்த அறை முழுதும் வெறுமையாக இருந்தது. தொட்டுப் பார்க்கவோ, எடுத்து விளையாடவோ அங்கே எதுவுமில்லை. சாப்பாடு முடிந்ததும் அப்பிள்ளைகள் நிலத்தில் விழுந்து பாண் துணுக்குகளைப் பொறுக்குவதை, பெருந்தீனிக்காரர்கள் என்று பராமரிப்பாளர் அருவருப்போடு சுட்டிக்காட்டினார்.

மரியா அதனை வேறு விதமாகக் கண்டார். வயிற்றுப் பசியால் அவர்கள் அந்தத் துணுக்குகளைத் தேடவில்லை. அந்த அறையில் கைக்கு அகப்படக்கூடிய பொருள் அவை மாத்திரமே. கைகள் வேலை தேடின, வேலை தேடிய கைகளின் வழியாகப் புத்தி விழிக்கப் பார்த்தது.

பிரான்ஸ் தேசத்து வைத்தியர்களான இத்தார், செகென் இருவரும் இப்படியான பிள்ளைகளைப் பற்றி நெடுங்காலத்துக்கு முன் எழுதிவைத்த நூல்களை அவர் தேடிப் படித்தார். 1900 ஆம் ஆண்டில் உரோமாபுரியில் தொடங்கிய விசேட பாடசாலையொன்றைப் பொறுப்பேற்று, தொட்டும் பொருத்தியும் அடுக்கியும் பழகக்கூடிய பொருட்களைச் செய்வித்துப் பிள்ளைகளின் கைகளில் கொடுத்தார். பிள்ளைகளோடு பகல் முழுவதும் இருந்து, இரவிலே குறிப்புகள் எழுதினார். சில காலத்தின் பின் அவர்களிற் சிலர் மற்றப் பிள்ளைகள் எழுதும் பொதுப் பரீட்சையிலேயே தேறினார்கள்.

ஊரெல்லாம் இதனை அதிசயமாகப் பேசியது. மரியாவின் மனதிலோ வேறொரு கேள்வி உறுத்தியது. குறைபாடுள்ள பிள்ளைகள் இவ்வளவுக்கு வரமுடியுமானால், நல்ல சுகமுள்ள பிள்ளைகள் அதே மட்டத்திலேயே நிற்பதற்குக் காரணம் என்ன? வாங்கிலிருந்து அசையவிடாமல் அவர்களை இருத்தி வைத்திருக்கும் பள்ளிக்கூடமே அவர்களைத் தடுக்கிறதோ? இந்தக் கேள்வியோடு அவர் மறுபடியும் பல்கலைக்கழகம் சென்று கல்வியியலும் மெய்யியலும் கற்றார்.

ஒரு தாயின் வேதனை

இவ்விடத்தில் அவருடைய வாழ்வின் துயரமான பக்கத்தையும் சொல்லவேண்டும். 1898 ஆம் ஆண்டில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். குழந்தையின் தந்தை அவருடன் பணிபுரிந்த ஒரு வைத்தியர். அவர்களுக்குள் திருமணம் நடைபெறவில்லை. அந்தக் காலத்துச் சமூகத்தில் இச்செய்தி வெளிவந்திருந்தால் அவருடைய தொழிலும் பணியும் அன்றே முடிந்திருக்கும். மாரியோ என்று பெயரிடப்பட்ட குழந்தை கிராமத்துக் குடும்பமொன்றில் வளர்க்கக் கொடுக்கப்பட்டது. தாய் இடைக்கிடை சென்று, தான் யாரென்று சொல்லாமல் பார்த்துவந்தார். மகன் பதினைந்து வயதை எட்டிய காலத்திலேதான் தாயிடம் வந்து சேர்ந்தான். அதன் பின்னரும் நெடுங்காலமாக உலகத்தார் முன் அவன் மருமகனென்றும் வளர்ப்பு மகனென்றும் அறிமுகப்படுத்தப்பட்டான்.

தீர்ப்பிடுவது எங்களுக்கு உரியதல்ல. ஊரார் பிள்ளைகளின் கண்ணையும் கையையும் நாள்முழுவதும் உற்றுக் கவனித்த இந்தப் பெண்மணி, தன் சொந்தப் பிள்ளையின் முதல் நடையையும் முதற் சொல்லையும் காணாதவர் என்பதை மாத்திரம் நினைவில் வையுங்கள்.

மூவிராசாக்கள் திருநாளில்

உரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது மிக வறிய மக்கள் வாழ்ந்த பகுதி. அங்கே பாதியில் கைவிடப்பட்டிருந்த மாடிக் கட்டடங்களை ஒரு நிறுவனம் வாங்கித் திருத்தி, கூலித் தொழிலாளர் குடும்பங்களைக் குடியிருத்தியது. தாயும் தந்தையும் வேலைக்குப் போனபின், பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் படிகளில் ஓடித் திரிந்து சுவர்களைக் கீறிப் பழுதாக்கினார்கள். சுவரைத் திருத்தச் செலவாகும் பணத்தில் பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே என்று நிறுவனத்தார் எண்ணி, 36 வயதான மொன்ரிசோரி அம்மையாரை அணுகினார்கள்.

1907 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆம் திகதி, மூவிராசாக்கள் திருநாளன்று, மார்சி வீதியில் அந்த அறை திறக்கப்பட்டது. இத்தாலிய மொழியில் அதற்கு இட்ட பெயரின் பொருள் குழந்தைகள் இல்லம் என்பதாகும். ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தடித்த நீலத்துணிச் சட்டையணிந்து, மிரண்ட பார்வையோடு வந்து நின்றார்கள். சிலர் அழுதார்கள். சிலர் வாய் திறக்கவேயில்லை. இருள் மூடிய பூமியில் ஒளி உதிப்பதாகச் சொல்லும் அந்நாளைய திருவாசகம் அம்மையாரின் மனதில் எழுந்தது. இது பெரிய காரியமாக வரும் என்று தனக்கே தெரியாத ஓர் உணர்வு அன்று உண்டானதாகப் பின்னாளில் எழுதிவைத்தார்.

வசதிகள் பெரிதாக இருக்கவில்லை. ஆசிரியப் பயிற்சி பெறாத ஓர் இளம் பெண்ணே உதவிக்குக் கிடைத்தாள். இதையே அம்மையார் நன்மையாக எடுத்துக்கொண்டார். பாடம் நடத்தவேண்டும் என்ற முடிவோடு வராதபடியால், பிள்ளைகள் செய்வதைத் தடுக்காமல் பார்த்திருக்க அவளால் முடிந்தது.

அறையே ஆசிரியராயிற்று

முதலில் அங்கே பாரமான பெரிய மேசைகளே இருந்தன. பிறகு அம்மையார் பிள்ளைகளின் உயரத்துக்கு அளவாக, அவர்களே தூக்கி நகர்த்தக்கூடிய பாரமற்ற கதிரைகளையும் மேசைகளையும் செய்வித்தார். கழுவும் கிண்ணத்தைப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் வைத்தார். உடையக்கூடிய உண்மையான பீங்கான்களையும் கண்ணாடிக் குவளைகளையும் அவர்கள் கையிலே கொடுத்தார். கதிரையில் இடித்தால் அது சத்தத்தோடு விழும். குவளை தவறினால் உடையும். மெல்ல நட, கவனமாகப் பிடி என்று வாயால் ஓயாது சொல்லவேண்டியதைப் பொருட்களே சொல்லிக் கொடுத்தன.

ஒருநாள் மூன்று வயதளவான ஒரு சிறுமி, பல அளவிலான மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். பொருத்தி முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடியும் தொடங்கினாள். அம்மையார் எண்ணத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளை அவளைச் சுற்றிப் பாடச்செய்தார். சிறுமி திரும்பிப் பார்க்கவில்லை. அவளைக் கதிரையோடு தூக்கி மேசைமேல் வைத்தார். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு அங்கும் அதையே தொடர்ந்தாள். நாற்பது தடவைகளுக்கு மேல் செய்துவிட்டு, நித்திரையால் எழும்பியவள் போலச் சுற்றிப் பார்த்துச் சிரித்தாள். களைப்பின் அடையாளமே இல்லை.

சிறு பிள்ளைக்கு ஒன்றிலும் மனம் நில்லாது என்பதுதான் பெரியவர்களின் நம்பிக்கை. தனக்குத் தேவையான வேலை கையில் கிடைத்தால் பிள்ளையின் மனம் பெரியவர்களின் மனதைவிட ஆழமாக நிற்கும் என்பதை அம்மையார் அன்று கண்டார்.

இன்னொரு நாள் உதவிப்பெண் வரத் தாமதமாயிற்று. அதற்கு முந்திய மாலை அலுமாரியைப் பூட்டவும் மறந்திருந்தாள். வந்து பார்த்தபோது, பிள்ளைகள் தாங்களே அலுமாரியைத் திறந்து ஆளுக்கொரு பொருளை எடுத்து வேலைசெய்துகொண்டிருந்தார்கள். அவளுக்கு அது களவாகத் தோன்றியது. அம்மையாரோ, பிள்ளைகள் தமக்கு வேண்டியதைத் தெரிவுசெய்யும் அளவுக்கு அப்பொருட்களை அறிந்துவிட்டார்கள் என்று விளங்கிக்கொண்டார். பூட்டிய உயரமான அலுமாரி நீங்கி, பிள்ளைக்கு எட்டும் திறந்த தட்டுகள் வந்தன. எடுத்ததை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கும் ஒழுங்கும் அதனோடு வந்தது.

பரிசும் தண்டனையும் அங்கே அர்த்தமிழந்தன. நன்றாக நடந்த பிள்ளைக்குச் சூட்டிய பதக்கம், ஓடியாடி வேலைசெய்யும்போது இடைஞ்சலாயிருந்தது. தண்டனையாக நடுவிலே கதிரையில் இருத்தப்பட்டிருந்த பிள்ளையிடம் அதைக் கொடுத்துவிட்டு அவன் தன் வேலைக்குப் போனான். பதக்கம் கிடைத்த மற்றப் பிள்ளையோ அதைப் பார்த்துத் திருப்தியோடு அமர்ந்திருந்தான். வேலையில்லாதவனுக்கே பதக்கம் பெரிதாகத் தெரிந்தது.

மூக்கைச் சத்தமின்றித் துடைப்பது எப்படி என்று அம்மையார் ஒருநாள் காட்டிக்கொடுத்தார். சிரிப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். மூக்குச்சளிக்காக ஓயாமல் ஏச்சு வாங்கிய அந்த ஏழைப் பிள்ளைகளுக்கு, அதுவரையும் ஒருவரும் மரியாதையோடு அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

எழுத்து மலர்ந்த நாள்

இத்தனை சிறிய பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க அம்மையார் முதலில் எண்ணவில்லை. எழுத வாசிக்கத் தெரியாத தாய்மார்தான் வந்து மன்றாடினார்கள். சொரசொரப்பான மணற்கடதாசியில் எழுத்துக்களை வெட்டி அட்டையில் ஒட்டச்செய்தார். பிள்ளைகள் இரண்டு விரல்களால் அந்த எழுத்தைத் தடவி, அதன் ஒலியைச் சொல்லிப் பழகினார்கள். எங்கள் முன்னோர் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால் எழுதிப் பழகியதை நினைத்துப் பார்த்தால், இம்முறையின் சூட்சுமம் உங்களுக்குச் சுலபமாக விளங்கும். இதனோடு, தனித்தனியாக வெட்டிய எழுத்துக்களைச் சேர்த்துச் சொற்களை அமைக்கவும், உருவங்களைச் சுற்றிப் பென்சிலால் கோடிழுக்கவும் பிள்ளைகள் பழகினார்கள். எழுதுங்கள் என்று ஒருவரும் அவர்களிடம் கேட்கவில்லை.

டிசெம்பர் மாதத்து வெயில் நாளொன்றில் அம்மையார் பிள்ளைகளோடு மொட்டை மாடியில் இருந்தார். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் வெண்கட்டியைக் கொடுத்து, அங்கிருந்த புகைபோக்கியை வரையும்படி சொன்னார். வரைந்து முடித்தவன் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, தனக்கு எழுதத் தெரிகிறது என்று கூவினான். நிலத்தில் முழந்தாளிட்டுக் கை என்று எழுதினான். பிறகு புகைபோக்கி என்றும், கூரை என்றும் எழுதினான். அவனுடைய சத்தத்தைக் கேட்டு மற்றவர்களும் ஓடிவந்து வெண்கட்டி கேட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுதினார்கள். அடுத்த நாட்களில் சுவர், நிலம், கதவு என்று ஓரிடமும் மிஞ்சவில்லை. பாணின் மேற்றோலிலும் எழுத்து ஏறியபடியால், தாய்மார் கடதாசியும் பென்சிலும் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆக்கத்திறன் என்று நாம் பேசுவது இப்படித்தான் பிறக்கிறது. அந்தச் சிறுவன் பார்த்து எழுதவில்லை. சொல்ல எழுதவுமில்லை. தன் மனதில் இருந்த சொல்லைத் தானே எழுத்தாக்கினான். அதற்கான கை வலுவையும் ஒலி அறிவையும் அந்த அறை பல வாரங்களாக அவனுக்குள் சேர்த்து வைத்திருந்தது.

எல்லோரும் அம்மையாரை ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ணவேண்டாம். அவருடைய பொருட்கள் பிள்ளையின் கற்பனையைக் குறுக்குகின்றன என்று அமெரிக்கக் கல்வியாளர் கில்பற்றிக் 1914 இல் ஒரு நூலே எழுதினார். சிறு வயதில் மாயக்கதைகளை அம்மையார் ஊக்குவிக்கவில்லை என்பதும் உண்மை. மெய்யான உலகத்தைக் கண்ணாலும் கையாலும் நன்றாக அறிந்த பிள்ளையே பின்னர் உறுதியான கற்பனையைக் கட்டியெழுப்பும் என்பது அவருடைய துணிபு. இக்காரியத்தில் அறிஞர்கள் இன்றும் ஒரே கருத்தில் இல்லை.

திருச்சபையின் முற்றத்தில்

சிசிலித் தீவின் மெசினா நகரை 1908 டிசெம்பரில் பெரும் நிலநடுக்கம் அழித்தது. அனாதைகளான பிள்ளைகளை உரோமாபுரியில் மரியாளின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சபை அருட்சகோதரிகள் தங்கள் மடத்தில் ஏற்றார்கள். பயத்தால் பேச்சும் பசியும் நித்திரையும் இழந்திருந்த அப்பிள்ளைகளுக்கு அம்மையாரின் முறையில் ஓர் இல்லம் அங்கே ஒழுங்கானது. மேசைக்கு விரிப்பு விரிப்பதும், உணவு பரிமாறுவதும், பூச்செடி பார்ப்பதுமாகச் சின்ன வேலைகளில் ஈடுபட்டு, அவர்கள் மெல்ல மெல்லச் சிரிக்கத் தொடங்கினார்கள்.

பிள்ளைக்குச் சுதந்திரம் கொடுப்பது சென்மப் பாவத்தை மறுப்பதாகுமோ என்று கத்தோலிக்கர் சிலர் ஐயுற்றதும் உண்டு. ஆயினும் பாப்பரசர் 15 ஆம் ஆசீர்வாதப்பர் 1918 இல் அம்மையாரைச் சந்தித்து, அவருடைய பணிக்குத் தமது ஆசீரை அளித்தார்.

ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரில் மறைக்கல்விக்கென்றே ஓர் அறை ஒழுங்குசெய்யப்பட்டது. பிள்ளையின் உயரத்திலே தீர்த்தத் தொட்டி, சிறிய பீடம், சிறிய பூசைப் பாத்திரங்கள் அங்கே இருந்தன. பிள்ளைகள் நிலத்தில் கோதுமை விதைத்தார்கள். திராட்சைக் கொடி வளர்த்தார்கள். தாங்கள் விளைவித்த கோதுமை அப்பமாகவும், திராட்சை இரசமாகவும் பீடத்துக்குப் போவதைக் கண்டு நற்கருணையை உணர்ந்தார்கள். மனப்பாடம் செய்த வினாவிடையால் மாத்திரம் இந்த உணர்வு வருவதில்லை. பிற்காலத்தில் உரோமாபுரியில் சோபியா கவலெத்தி என்பவர் இதே வழியில் 1954 இல் தொடங்கிய நல்லாயன் மறைக்கல்வி முறை இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது.

சென்னையிலும் கொடைக்கானலிலும் இலங்கையிலும்

இத்தாலியில் முசோலினியின் ஆட்சி ஆரம்பத்தில் அம்மையாருக்கு ஆதரவளித்தது. அவரும் அதை ஏற்றார். பிள்ளைகளைப் போர்வீரர்களாக வார்க்க ஆட்சியாளர்கள் முற்பட்டபோது முரண்பாடு முற்றி, அவருடைய பாடசாலைகள் அங்கே மூடப்பட்டன. ஜெர்மனியில் நாசிகளும் அவற்றை மூடினார்கள். ஸ்பெயினில் அவர் வாழ்ந்துகொண்டிருக்கையில் 1936 இல் உள்நாட்டு யுத்தம் வெடிக்க, அங்கிருந்தும் வெளியேறி ஒல்லாந்தில் அடைக்கலம் புகுந்தார்.

1939 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பிரம்மஞான சபையின் அழைப்பின் பேரில் மகன் மாரியோவோடு சென்னை அடையாறுக்கு வந்தார். ஓலைக் கொட்டில்களில் ஏறத்தாழ 300 பேர் அமர்ந்து அவரிடம் பயின்றார்கள். அப்போது அவருக்கு வயது 69.

1940 யூன் மாதத்தில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், பிரித்தானிய அரசாங்கத்துக்கு அவர்கள் இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோ அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். அம்மையார் அடையாறை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. முதிய வயதில், அந்நிய நாட்டில், தனது ஒரே மகனையும் இழந்து இருந்த அவருக்கு, ஓகஸ்ட் 31 ஆம் திகதி, அவருடைய 70 ஆவது பிறந்தநாளில், தேசாதிபதியிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனைத் திருப்பித் தருவதாக அதில் அறிவிக்கப்பட்டிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் முன் உச்சரிக்க முடியாதிருந்த மகன் என்ற சொல், ஓர் அரசாங்கத் தந்தியிலே வெளிப்பட்டுவிட்டது. பிறர் பிள்ளைகளுக்காக உழைத்தவருக்கு, அவருடைய பிள்ளை பகிரங்கமாகத் திரும்பக் கிடைத்ததை இறைவனின் பராமரிப்பு என்றல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

பின்னர் தாயும் மகனும் கொடைக்கானல் மலையில் தங்கி, பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு பள்ளியை நடத்தினார்கள். பிள்ளைகள் காட்டுவழி நடந்து இலைகளையும் பூக்களையும் சேர்த்து வந்து, பெயரறிந்து வகைப்படுத்தினார்கள். அங்கே இப்பணியில் துணைநின்றவர்களுள் லீனா விக்கிரமரத்ன என்னும் எங்கள் நாட்டுப் பெண்மணியும் ஒருவர் என்பது எமக்குப் பெருமை தருவது. 1944 இல் அம்மையார் இலங்கைக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய புகழ்பெற்ற நூல்களுள் ஒன்று, இந்தியாவில் ஆற்றிய விரிவுரைகளிலிருந்து உருவாகி, 1949 இல் சென்னையிலேயே முதன்முதல் அச்சாயிற்று.

இறுதிக் காலம்

யுத்தம் முடிந்தபின் 1946 இல் ஐரோப்பா திரும்பினார். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு அவருடைய பெயர் முன்மொழியப்பட்டது. 81 வயதிலும் ஆபிரிக்காவுக்குப் போய் ஆசிரியர்களைப் பயிற்றுவதைப் பற்றி மகனோடு பேசிக்கொண்டிருந்த நாளிலேயே, 1952 மே 6 ஆம் திகதி, ஒல்லாந்தின் நூர்ட்வைக் கடற்கரை ஊரில் இறைவனடி சேர்ந்தார். அவ்வூர்க் கத்தோலிக்க சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார். உலகில் சமாதானத்தைக் கட்டியெழுப்பத் தன்னோடு சேரும்படி பிள்ளைகளை வேண்டும் வாசகம் அக்கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

எங்கள் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோரே, ஆசிரியர்களே, மறையாசிரியர்களே, அம்மையார் தொடங்கிய இடம் ஒரு சேரிப்புறத்து அறை. மாளிகையும் விலையுயர்ந்த விளையாட்டுப் பொருட்களும் வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அழகிய பொம்மைகளை அங்கே வைத்தபோதும் பிள்ளைகள் அவற்றை நாடவில்லை என்பதையே அவர் எழுதிவைத்தார். இடம்பெயர்ந்த காலங்களில் மரநிழலிலும் கொட்டிலிலும் எங்கள் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். ஆகவே சுற்றாடல் என்பது கட்டடத்தின் பெறுமதியல்ல என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

உங்கள் வீட்டில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணியோ கொளுக்கியோ இருக்கிறதா என்று பாருங்கள். அதில் அவன் தன் சட்டையைத் தானே கொழுவட்டும். ஒரு சின்ன விளக்குமாறு, தண்ணீர் வார்க்க ஒரு சின்னச் செம்பு, பயறும் உழுந்தும் தெரிந்து பிரிக்க ஒரு சுளகு, இவை போதும். செபம் சொல்லும் இடத்தில் அவனுடைய கண்மட்டத்துக்கு ஒரு படத்தை வையுங்கள். பூவைப்பது அவனுடைய வேலையாகட்டும். அவன் ஏதோ ஒன்றில் ஆழ்ந்து இருக்கும்போது கூப்பிடாதீர்கள். பாராட்டுவதற்காகவும் இடையிலே புகாதீர்கள்.

மூன்று வயதுப் பிள்ளையின் கொப்பியில் எத்தனை பக்கம் எழுத்து நிரம்பியிருக்கிறது என்று பார்த்துப் பள்ளியை மதிப்பிடும் வழக்கம் எங்களிடம் வளர்ந்திருக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சைக்கான ஓட்டம் பாலர் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. மொன்ரிசோரி என்ற பெயர்ப்பலகையின் கீழே பிள்ளைகளை வாங்கில் இருத்தி, அசையவிடாமல் எழுத்தைப் பார்த்தெழுதச் செய்வோமானால், அந்தப் பெயருக்கு நாம் செய்யும் அநியாயத்தைவிடப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயமே பெரிது. பெற்றோர் கேட்பதையே பள்ளிகள் கொடுக்கின்றன. ஆகவே அடுத்த முறை பாலர் பாடசாலைக்குப் போகும்போது, என்ன எழுதினான் என்று கேட்கமுன், இன்று தன் கையால் என்ன செய்தான் என்று கேளுங்கள்.

சிறுபிள்ளைகளைத் தம்மிடம் வரவிடும்படியும் அவர்களைத் தடைசெய்யாதிருக்கும்படியும் எமது ஆண்டவர் சீடர்களுக்குக் கட்டளையிட்டார். தடைசெய்யாதிருப்பது எப்படி என்பதை ஒரு வகுப்பறையிலே செய்து காட்டியவர் மரியா மொன்ரிசோரி அம்மையார். அவருடைய ஆன்மா இறைவனில் இளைப்பாறவும், எங்கள் பிள்ளைகள் ஆண்டவர் கொடுத்த கொடைகளோடு தடையின்றி வளரவும் செபிப்போமாக.